துணிக் கொடிக்குத் தோண்டின குழி

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும்னு தெருவே சொல்லும். சொல்லிட்டுப் போகட்டும். லாண்ட்ரிக் கடை நடத்தறவளுக்குக் கோபம் வரலைன்னா பொழைக்க முடியுமா? பேனா மையோட சட்டையைக் கொண்டுவந்து போட்டுட்டு, "நீங்கதான் கறை பண்ணிட்டீங்க"ன்னு சாதிக்கிறவங்க எத்தனை பேர்! ஆனா ஒண்ணு. துணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிடுவேன். காலரைப் பார்த்தா அவன் குளிக்கிற லட்சணம் தெரியும். பாக்கெட்டைப் பார்த்தா வீட்டுக்குத் தெரியாம பிடிக்கிற சிகரெட் தெரியும். அந்தத் திமிர்லதான், என் பொண்ணு கூட்டிட்டு வந்த பையனைப் பார்த்த அன்னைக்கே பொய்யன்னு முடிவு கட்டினேன்.

அவ மருந்துக் கடையில வேலை பார்க்கிறா. பூட்ஸ் கடிச்ச காலுக்கு மருந்து வாங்க வந்திருக்கான் அந்தப் பையன். சரி, காலுன்னா புண்ணாகும், மருந்து வாங்கணும். கால் ஆறின பிறகும் வந்துகிட்டே இருந்தானாம். "என்னடி வேலை பார்க்கிறான்?"னு கேட்டேன்.

"மண்ணைப் பரிசோதிக்கிற வேலைம்மா. நம்ம பழைய தெருவுல தோண்டறாங்கல்ல, அங்கதான்."

பழைய தெருன்னா கம்பெனித் தெரு. ஒரு பக்கம் எங்க வீடுங்களும் கடைங்களும், எதிர்ப் பக்கம் நீளமா ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் பெயின்ட் கம்பெனி, பேட்டரி கம்பெனி, முலாம் பூசற பட்டறைங்க. மழை பெஞ்சா எங்க வாசல்ல தண்ணி ஒரு நாள் பச்சையா நிக்கும், ஒரு நாள் ஊதாவா நிக்கும். தாண்டிக் குதிச்சுப் போவோம், அவ்வளவுதான். என் வீட்டுக்காரருக்கு அந்தப் பெயின்ட் கம்பெனியிலதான் கலவை போடற வேலை. கம்பெனிங்க ஒவ்வொண்ணா மூடி, இடம் பாழாக் கிடந்தது. அப்புறம் ஒரு நாள் ஆளுங்க வந்து துளை போட்டுப் பார்த்துட்டு, மதிலுக்கு உள்ள மட்டும் இல்ல, எங்க வீட்டுக்கு அடியிலயும் மண்ணு கெட்டுப் போச்சுன்னாங்க.

எல்லாரும் காலி பண்ணணும். கெட்ட மண்ணை வாரி வெளியே அனுப்பி, நல்ல மண்ணு கொட்டி, கீழே கடைங்க, மேலே வீடுங்க, நடுவுல பூங்கா, பக்கத்துல சின்னப் பிள்ளைங்க பள்ளிக்கூடம்னு ஒரு பேட்டையே கட்டப் போறோம், உங்க இடம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்னு சொன்னாங்க. நாங்க பஸ் ஏறிப் போற தூரத்துல ஒரு வாடகை அறைக்கு மாறினோம். கடையும் அங்கேயே, படுக்கையும் அங்கேயே. இஸ்திரிப் பெட்டிச் சூட்டுல மூணு பேரும் வெந்துகிட்டு அந்த நாளுக்குக் காத்திருந்தோம்.

அந்த அறைக்குத்தான் பையன் வந்தான். அவன் இவன்னு சொல்றேனேன்னு பார்க்காதீங்க, அப்போ அவன் எனக்கு யாரோ.

வாசல்ல நின்னுகிட்டு, "கை கழுவிக்கலாமாங்க?"ன்னான். சரின்னேன். கழுவினான், கழுவினான், கழுவிகிட்டே இருந்தான். முழங்கை வரைக்கும் சோப்பு, நக இடுக்கெல்லாம் சோப்பு. என் சோப்பு! அப்புறம்தான் உள்ள வந்து டம்ளரைத் தொட்டான். நான் அவன் சட்டையைப் பார்த்தேன். இளநீலம். காலர் சுத்தம், கைமடிப்பு சுத்தம், தையல் ஓரத்துல கூட ஒரு பொட்டு மண்ணு இல்ல. அன்னைக்கு முழுக்க மண்ணுல நின்னவனாம்!

"மண்ணுல வேலைன்னு சொன்னா எம்பொண்ணு?"

"ஆமாங்கம்மா."

"சட்டையில மண்ணையே காணோமே?"

"அது வெளியே வரக் கூடாதுங்க"ன்னான், ரொம்பச் சாதாரணமா.

அவன் போனதும் போட்டேன் ஒரு போடு. "பொய்யன்! எங்கேயோ ஃபேனுக்கு அடியில உக்காந்துட்டு, பொண்ணுகிட்ட மண்ணு, கிண்ணுன்னு கதை விடறான். நான் பார்க்காத சட்டையா?"

என் வீட்டுக்காரர் சிரிச்சார். "ஜட்ஜம்மா தீர்ப்பு சொல்லியாச்சு. இனி அப்பீலே கிடையாது."

அன்னையிலேர்ந்து அவனுக்கு நான் வெச்ச பேரு மண்ணாங்கட்டி. "உன் மண்ணாங்கட்டி எப்படி இருக்கான்?"னு கேட்டா எம்பொண்ணு முகத்தைத் திருப்பிக்குவா.

அத்தோட விட்டேனா? கையும் களவுமாப் பிடிக்கணும்னு ஒரு நாள் பஸ் ஏறி நேரா அங்கேயே போயிட்டேன். எங்க தெரு இருந்த இடத்துல கம்பி வேலி. கேட்டுல என்னென்னமோ நடக்குது. வெளியே போற லாரியை எல்லாம் ஒரு தண்ணித் தொட்டியில இறக்கிச் சக்கரத்தைக் கழுவி விடறாங்க. இவனுக்குத்தான் கை கழுவற வியாதின்னு நினைச்சேன், இங்க லாரிக்கே கால் கழுவறாங்களேன்னு எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஓரமா ஒரு கொட்டகை, அதுக்கு ரெண்டு வாசல். தரையில மஞ்சள் கோடு. நான் கோட்டுகிட்டப் போய் எட்டிப் பார்த்தேன்.

"நில்லுங்க! கோட்டைத் தாண்டாதீங்க!"

என்னை அதட்டறதா? யாருடா அதுன்னு பார்த்தா, முகமூடி போட்டு, புருவம் வரைக்கும் சேறு அப்பின ஒரு உருவம் கையைக் காட்டி ஓடி வருது. அவனேதான். கொட்டகையில ஒரு வாசல் வழியாப் போனவன், குளிச்சு முடிச்சு, தலையில தண்ணி சொட்டச் சொட்ட, அதே இளநீலச் சட்டையோட இன்னொரு வாசல் வழியா வந்தான். வேலைத் துணி அந்தப் பக்கமே நின்னுடுமாம். அங்கேயே மெஷின்ல போட்டு அங்கேயே காயவைப்பாங்களாம். பூட்ஸ் கூட அந்தக் கோட்டைத் தாண்டாதாம்.

"எதுக்குய்யா இவ்வளவு ஆட்டம்?"னு கேட்டேன். தோத்துட்டோம்னு தெரிஞ்சா எனக்குக் குரல் ஏறும்.

"இந்தத் தூசி துணியில ஒட்டிகிட்டு வீட்டுக்குப் போயிடும்ங்க. துவைக்கிறவங்க கையில, தரையில. தவழற குழந்தை இருந்தா அது வாயில."

என் வீட்டுக்காரர் கம்பெனிச் சட்டையை நான் துவைச்ச துவை எத்தனை வருஷத் துவை! இந்தக் கையாலதான் கசக்கினேன். தொட்டியில நுரை நீலமா நிக்கும். எம்பொண்ணு அப்போ குழந்தை, தொட்டி ஓரத்துல உக்காந்து அந்த நுரையை ஊதி ஊதி விளையாடுவா. நான் பார்த்துச் சிரிப்பேன். இவருக்குக் குளிர் வந்தா நிக்காம இருமல் வருதே, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? எங்ககிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. எனக்கு அழுகை வரலை, கோபம்தான் வந்துச்சு. யார் மேலன்னு தெரியாத கோபம் பக்கத்துல நிக்கிறவன் மேலதான் விழும்.

"இவ்வளவு தெரிஞ்சவன்தானே நீ, சொல்லு. நாளைக்கு இந்த இடம் சுத்தம்னு சொல்லிக் கட்டடம் கட்டினா, நீ இங்க குடியிருப்பியா? எம்பொண்ணை வெச்சுக் குடும்பம் நடத்துவியா?"

"சுத்தம்னு நான் சொன்னா நடத்துவேன்ங்க"ன்னான். "ஆனா இன்னும் நான் சொல்லலையே."

வீட்டுக்கு வந்து பொண்ணுகிட்டச் சொன்னேன். "பையன் வேலை பார்க்கிறான், அது நிஜம்தான். ஆனா அவன் வார்த்தை நிஜமான்னு தெரியணும். அந்த இடம் முடியட்டும். நாம போய்க் குடியேறுவோம். அவன் சுத்தம்னு சொன்ன மண்ணு சுத்தமா இருந்தா கல்யாணம். இல்லேன்னா பேச்சே இல்ல."

"எனக்கு அவரைத் தெரியும்மா."

"உனக்கு அவன் கால் கொப்பளம்தான்டி தெரியும்."

அவ கோபிச்சுகிட்டு ரெண்டு நாள் என்னோட பேசலை. என் பிடிவாதம் அவளுக்கும் உண்டு. ஆனா பொண்ணைப் பெத்தவ வயித்துல நெருப்பைக் கட்டிகிட்டு இருக்கா. குழந்தையில ஒரு தடவை தெரியாம விட்டுட்டேன். தெரிஞ்சப்புறமும் விடுவேனா?

கட்டடம் எழும்ப ஆரம்பிச்சதும் எங்க தெருக்காரங்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டாங்க. அவன்தான் பேசினான். கையில ஆரஞ்சுக் கலர்ல ஒரு பிளாஸ்டிக் வலைத் துண்டு. கெட்ட மண்ணை எடுத்தாச்சு, ஆனா ரொம்ப ஆழத்துல இருக்கிறதை முழுசா எடுக்க முடியாது, அதனால அது மேல இந்த வலையை விரிச்சு, வலைக்கு மேல தொடை உயரத்துக்கு நல்ல மண்ணு கொட்டியிருக்கோம்னு சொன்னான். "செடி வைங்க, தோண்டுங்க, பயமே வேணாம். ஆரஞ்சு கண்ணுல பட்டா மட்டும் நிறுத்திட்டு எங்களைக் கூப்பிடுங்க."

எங்க ஆளுங்களுக்குச் சொல்லணுமா? ரொட்டிக் கடைக்காரர் கடையில ஆரஞ்சுக் கலர் பையே வேணாம்னு தூக்கி எறிஞ்சுட்டார். சின்னப் பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் "ஆரஞ்சு!"ன்னு கத்திப் பயமுறுத்திச்சுங்க. ஆரஞ்சைப் பார்த்தா ஆபத்துன்னு எல்லார் மண்டையிலயும் ஏறிப் போச்சு.

ஒரு வழியா எல்லாம் முடிஞ்சது. பரிசோதனை எல்லாம் ஆச்சு, சுத்தம்னு அவன் சொல்லியாச்சு. மறுநாள் சாவி தர்றதா ஏற்பாடு. முந்தின நாள் வந்து பார்த்துக்கலாம்னு விட்டாங்க. எனக்கு மூலைக் கடை. வெளிச்சம் நல்லா வருது, உள்ளேயே குழாய், இஸ்திரி மேஜை போட நீளமா இடம். எனக்கு நிலைகொள்ளலை. ஒரே குறை, துணி காயப்போட எல்லாருக்கும் பொதுவா மொட்டை மாடிதான். மேல் வீட்டுக்காரங்களோட தினம் மல்லுக்கட்ட என்னால ஆகாது. கடை வாசல்ல செடி வைக்கன்னு ஒரு மண்திட்டு விட்டிருந்தாங்க. அங்க ரெண்டு கம்பம் நட்டுக் கொடி கட்டிட்டா என் துணி, என் வெயில். ஆரஞ்சு தெரியற வரைக்கும் தோண்டலாம்னு மண்ணாங்கட்டியே சொல்லியிருக்கானே!

நான் கடப்பாரை போட்டேன். என் வீட்டுக்காரர் கம்பத்தைப் பிடிச்சுகிட்டு வேடிக்கை பார்த்தார். "கிணறு வெட்டறியா, கம்பம் நடறியா?"

"ஈரத் துணி கனம் உங்களுக்குத் தெரியுமா? கம்பம் ஆழமா நிக்கணும். வலை தெரிஞ்சா நிறுத்திடுவேன்."

குழி ஆழமாச்சு. குனிஞ்சு கையை விட்டு மண்ணை வழிச்சேன். தோள் வரைக்கும் கை போகுது, வலை வரலை. எனக்கு முதல்ல என்ன தோணுச்சுன்னு சொல்லிடறேனே, சந்தோஷம். மாட்டினான்டா மண்ணாங்கட்டி! தொடை உயரத்துல வலைன்னு கூட்டம் போட்டுப் பேசினியே, எங்கே உன் வலை? இன்னொரு கை மண்ணை வழிச்சு மேலே போட்டேன். அது மேல் மண்ணு மாதிரி செம்மண்ணா இல்ல. சாம்பலும் நீலமுமா, பிசுபிசுன்னு இருந்துச்சு. வாசனை குப்புனு வந்தது.

அந்த வாசனையை எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம். கல்யாணமான முதல் வாரத்துலேர்ந்து இவர் சட்டையில இருந்த வாசனை. நிமிர்ந்து பார்த்தா இவர் முகத்துலயும் சிரிப்பு இல்ல. கம்பத்தைக் கீழே சாய்ச்சுட்டு, "நம்ம கம்பெனி"ன்னார்.

ஐயோ, வலை தெரியலைன்னா சந்தோஷப்படறதுக்கு என்ன இருக்கு? வலை இருக்கிற இடத்துல பயமில்ல. வலை இல்லாத இடத்துலதான் கெட்டது எது, நல்லது எதுன்னு தெரியாம கலந்து கிடக்கு. இத்தனை நாளா எல்லாரும் தப்பான பக்கம் பயந்துகிட்டு இருந்திருக்கோம்.

அந்த நேரம் பார்த்து ரொட்டிக் கடைக்காரர் பக்கத்துக் கடையிலேர்ந்து வந்தார். குழியைப் பார்த்தார், முகர்ந்தார், முகம் வெளுத்துப் போச்சு. "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையா இருக்கேம்மா! நாளைக்குச் சாவி. இப்போ இதை வெளியே சொன்னா கடை வரிசை மொத்தத்தையும் நிறுத்திடுவாங்க. என் அடுப்பு அணைஞ்சு எத்தனை காலமாச்சுன்னு உனக்குத் தெரியாதா? ஒரு கை மண்ணு. மூடு."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இவர் எப்பவும் ஏதாவது கிண்டல் பண்ணுவார், அன்னைக்கு இல்ல. "பொண்ணு விஷயமும் இதுல இருக்கு. நீயே சொல்லு"ன்னுட்டார்.

மூடிடலாம்தான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவங்க இருக்காங்க, இது வெறும் குழி. சொன்னா, சுத்தம்னு கையெழுத்துப் போட்ட பையன் பேரு நாறிப் போகும். வேலை போகும். எம்பொண்ணு அழுவா. நான்தான் சொன்னேனேன்னு நான் ஜம்பமா நிக்கலாம். அந்த ஜம்பத்தை வெச்சு என்ன பண்ண? அவ முகம்தான் கண்ணுக்கு முன்னால வந்துகிட்டே இருந்துச்சு. போனை எடுத்து அவனுக்கே போட்டேன்.

"தம்பி, எங்க கடை வாசல்ல தோண்டினேன். வலை இல்ல. பழைய மண்ணு வருது, பழைய வாசனை வருது. நான் யார்கிட்டயும் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். மூடிடறேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

பாதி அவனைச் சோதிக்கத்தான் சொன்னேன். பாதி நிஜமாவே சொன்னேன். சரி, மூடிடுங்கன்னு அவன் சொல்லிட்டா தெருவுக்கே சௌகரியம். ஆனா அதோட அவன் எனக்கு ஆகாதவன். என் வாயால அந்தக் கல்யாணத்துக்கு நான் சம்மதம் சொல்லப் போறதில்ல. போனைக் காதுல வெச்சுகிட்டு நிக்கிறேன்.

அவன் கேட்டான்.

"கையால தொட்டீங்களா?"

"என்னது?"

"அந்த மண்ணைக் கையால தொட்டீங்களாங்க?"

"தோள் வரைக்கும் விட்டேன்."

"முகத்துல கை வெச்சீங்களா? எதுவும் சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"உங்க கடைக்குள்ள குழாய் இருக்கு. சோப்பு போட்டுத் தோள் வரைக்கும் கழுவுங்க. நகத்துக்குள்ள நல்லாத் தேய்ங்க. போட்டிருக்கிற மேல்துணியை மாத்திடுங்க. அவரைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க, அவருக்கு ஏற்கனவே இருமல். குழியை மூடாதீங்க. இதோ வரேன்."

போனை வெச்சுட்டான். நான் கேட்டதுக்கு அவன் பதில் சொல்லவே இல்ல. சரின்னும் சொல்லலை, முடியாதுன்னும் சொல்லலை. என் கையைப் பத்தித்தான் கேட்டான். நான் அந்தப் புதுக் குழாயடியில நின்னு கழுவினேன், கழுவினேன், கழுவிகிட்டே இருந்தேன். கண்ணுல தண்ணி வந்துச்சு. அதைக் கையால துடைக்கக் கூடாதுன்னு அப்படியே விட்டுட்டேன்.

அவன் வந்த வேகத்துல மூச்சு வாங்குது. குழிகிட்ட மண்டி போட்டுப் பார்த்தான். கையுறையோட ஒரு பிடி எடுத்து ஒரு டப்பாவுல போட்டான். முகம் செத்துப் போச்சு பையனுக்கு. எழுந்திரிச்சு எங்க எல்லார் முன்னாலயும் அவனோட மேலதிகாரிக்குப் போன் போட்டான். "சார், நான் சுத்தம்னு சொன்ன இடத்துல வலை இல்ல. பழைய மண்ணு இருக்கு. நாளைக்குச் சாவி கொடுக்க வேணாம்... ஆமா சார். நான்தான் கையெழுத்துப் போட்டேன்." அந்தப் பக்கம் கத்தற சத்தம் எங்களுக்கே கேட்டது. இவன் "சரி சார், சரி சார்"னு கேட்டுகிட்டு, வரிசைக் கடைங்க முன்னால ஒரு முனையிலேர்ந்து இன்னொரு முனைக்கு, யாரும் உள்ள போகாதபடி தடுப்பு நாடா கட்ட ஆரம்பிச்சான்.

விஷயம் பரவ நேரமாகுமா? தெருவே கூடிருச்சு. ரொட்டிக் கடைக்காரர்தான் முதல்ல ஆரம்பிச்சார். "எங்க வாயில மண்ணைப் போட்டுட்டியே தம்பி! சுத்தம் சுத்தம்னு சொல்லிட்டு, சாவி வாங்கற நேரத்துல இல்லைங்கறியே? இனிமே நீ சொல்றதை யார் நம்புவா?"

அவன் சமாளிக்கவே இல்ல. "குழாய் பதிக்கிறவங்க பின்னாடி வந்து தோண்டியிருக்காங்கன்னு நினைக்கிறேன். வலையைக் கிழிச்சு, கீழ மண்ணையும் மேல மண்ணையும் ஒண்ணாத் தள்ளி மூடியிருக்கணும். ஆனா அதுக்கப்புறம் நான் திரும்பத் தோண்டிப் பார்த்திருக்கணும். பார்க்கலை. தப்பு என்னோடதுங்க."

"தப்பு உன்னோடதுன்னா எங்க பொழப்புக்கு வழி?"

"நம்பவே முடியாதுப்பா இவங்களை!"

எனக்கு ஏறிடுச்சு. ஈரக் கையோட நடுவுல போய் நின்னேன்.

"நான் நம்பறேன்! யாருக்கு என்ன சந்தேகம், என்கிட்டக் கேளுங்க. ஏன்யா, ரொட்டிக் கடைக்காரரே, மூடுன்னு சொன்னது நீங்கதானே? நான் மட்டும் யோக்கியமா, நானும் மூடத்தான் பார்த்தேன். மூடிடறேன்னு இவருக்கே போன் பண்ணிச் சொன்னேன். ஊம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், நாளைக்கு நீங்க இந்த மண்ணு மேல மாவு பிசைஞ்சிருப்பீங்க, உங்க பேத்தி இந்தத் திட்டுல உக்காந்து விளையாடியிருப்பா. சொன்னாரா? சுத்தம்னு சொல்ல ஆயிரம் பேர் வருவாங்கய்யா. நான் சொன்னது தப்புன்னு நடுத்தெருவுல நின்னு சொல்ல எவன் வருவான்? இத்தனை வருஷம் எதிர்ல கம்பெனி இருந்துச்சே, ஒருத்தன் வந்து நம்மகிட்டச் சொன்னானா? ஒருத்தன்? இனிமே என் மாப்பிள்ளையைப் பார்த்து யாராவது ஒரு வார்த்தை பேசினீங்க, இஸ்திரிப் பெட்டியோட வருவேன், ஆமா!"

பின்னாலேர்ந்து என் வீட்டுக்காரர் குரல் மட்டும் வந்தது. "மாப்பிள்ளையா? எப்போலேர்ந்து?"

"நீங்க வாயை மூடுங்க. தள்ளி நிக்கச் சொன்னார்ல?"

மாப்பிள்ளை நாடாவைக் கையில பிடிச்சுகிட்டு அப்படியே நிக்கிறார், காது ரெண்டும் சிவந்து போய். "அத்தை, நீங்களும் கொஞ்சம் தள்ளி..."ன்னார். நான் தள்ளி நின்னேன். என் வாழ்க்கையில சொன்ன உடனே கேட்டது அன்னைக்கு ஒரு நாள்தான்.

அவர் சொன்னபடியேதான் இருந்துச்சு. குழாய் போன வழியெல்லாம் வலை கிழிஞ்சு கிடந்தது. அந்த நீளம் முழுக்கத் திரும்பத் தோண்டி, வாரி அனுப்பி, புது வலை விரிச்சு, புது மண்ணு கொட்டினாங்க. மாப்பிள்ளை ஒவ்வொரு கடை வாசலா நின்னு பார்த்தார். சாவி கைக்கு வர ரொம்ப நாள் தள்ளிப் போச்சு. வாடகை அறையில இன்னும் கொஞ்சம் வெந்தோம். தெருக்காரங்க முணுமுணுத்தாங்க, என் காதுபட இல்ல. அவ்வளவு புத்தி இருக்கு அவங்களுக்கு.

இப்போ நாங்க குடிவந்து நல்லாக் காலூனிட்டோம். காலையில ரொட்டி வேகற வாசனை மேல் வீடுங்களுக்கு ஏறிப் போகுது. தூக்கம் கெடுதுன்னு ஜன்னல்லேர்ந்து சண்டை போடறவங்களே அப்புறம் கீழே இறங்கி வந்து வாங்கிட்டுப் போறாங்க. பூங்காவுல பிள்ளைங்க புரளற புரளல்ல எனக்குத் துணி குறையறதே இல்ல. மண்ணுக் கறை வந்த சட்டையைக் கொண்டுவந்தா, முன்னே எரிஞ்சு விழுவேன். இப்போ வாங்கி முகர்ந்து பார்க்கிறேன். வெறும் மண்ணு வாசனை. பேசாம ஊறப் போட்டுடறேன்.

கல்யாணம் எளிமையா நடந்தது. ரொட்டிக் கடைக்காரரே வந்து விருந்துப் பொறுப்பைக் கேட்டு வாங்கிகிட்டு, அன்னைக்கு எல்லாருக்கும் அவர் கையால ரொட்டி சுட்டுப் போட்டார். மாப்பிள்ளைக்கும் இங்கேயே மேல ஒரு வீடு பார்த்து வெச்சிருந்தோம். ஆனா ஆபீஸ்ல அவரை விட்டுவைக்கலை. தண்டனைன்னு சொல்லலை, மரியாதையாத்தான் சொன்னாங்க. வேற ஊர்ல ஒரு பழைய ரசாயனக் கிடங்கு, அங்க போய்ப் பாருன்னு அனுப்பிட்டாங்க.

கிளம்பற அன்னைக்குக் கடையில பெட்டியெல்லாம் கட்டி வெச்சிருக்கு. எம்பொண்ணு மேலே எதையோ மறந்துட்டேன்னு ஏறிப் போயிருந்தா. மாப்பிள்ளை என் மேஜைகிட்ட வந்து தயங்கித் தயங்கி நின்னார்.

"அத்தை, ஒரு விஷயம். அவ இல்லாதப்போ சொல்லணும்னு நினைச்சேன்."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"அந்த இடம் இதைவிட மோசம். இன்னும் தோண்டவே ஆரம்பிக்கலை. நான் தங்கற வீடு தள்ளித்தான் இருக்கு, இருந்தாலும்... நீங்க அவளைப் பத்தி எவ்வளவு பயந்தீங்கன்னு எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் கொஞ்சம் சரியாகற வரைக்கும் அவ இங்கேயே உங்களோட, இந்த நல்ல மண்ணுல இருக்கட்டும். நான் வந்து வந்து பார்த்துட்டுப் போறேன்."

சொல்லிட்டு அவர் கீழே பார்த்துகிட்டு நின்னார். புதுசாக் கல்யாணமானவர், விட்டுட்டுப் போறேன்னு சொல்றார். எனக்கு வேண்டியதும் அதுதானே? எம்பொண்ணு என் கண்ணு முன்னால, சுத்தமான இடத்துல. அதுக்குத்தானே இத்தனை நாள் மல்லுக்கு நின்னேன்? சரின்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வெச்சேன்.

"மாப்பிள்ளை, அவளைக் கூட்டிட்டுப் போங்க."

"அத்தை, அங்க மண்ணு..."

"மண்ணு கிடக்கட்டும். கெட்டுக் கிடந்த தெருவுல நாங்க இருந்தோம், யாரும் எங்களைக் கையைக் கழுவச் சொல்லலை. அதனாலதான் பயந்தேன். இப்போ அவளுக்குச் சொல்ற ஆள் இருக்கார். நீங்க இருக்கிற இடம்தான் எனக்கு நல்ல இடம். அவ அங்கேயே இருக்கட்டும்."

மாடிப்படியில பொண்ணு இறங்கி வர்ற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை சட்டுனு திரும்பிச் சுவத்தைப் பார்த்து நின்னுகிட்டார். அழறார்னு எனக்குத் தெரிஞ்சது. என் வீட்டுக்காரர்தான் வாசல்லேர்ந்து, "பஸ் வர்ற நேரமாச்சு"ன்னு குரல் கொடுத்தார். நானே பெரிய பெட்டியைத் தூக்கிகிட்டு முன்னால நடந்தேன்.